ராத்திரி யார் இருப்பாங்க?

மாற்றுத்திறனாளிகள் தங்கியிருக்கும் இல்லம் ஒன்றுக்கு நீங்கள் போயிருந்தால், அநேகமாக மதியம்தான் போயிருப்பீர்கள். பிள்ளையின் பிறந்தநாள், பெற்றவரின் திதி, கல்யாண நாள் என்று ஏதோ ஒன்றுக்காக ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டியிருப்பீர்கள். அவர்களை வரிசையாகப் பாயில் உட்கார வைத்திருப்பார்கள். எல்லாருக்கும் முகம் கழுவி, எண்ணெய் வைத்து, பவுடர் பூசியிருக்கும். தரையில் பினாயில் வாசம் அடிக்கும். கைகூப்பி ஒரு பாட்டுப் பாடுவார்கள். பாயசம் பரிமாறிவிட்டு, கண் கலங்கி, "நல்லா வச்சிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே வெளியே வருவோம்.

அந்த மதியச் சாப்பாட்டை நான் குறைசொல்ல மாட்டேன். எத்தனையோ இல்லங்களில் அடுப்பு எரிவதே அதனால்தான். ஆனால் நன்கொடை கொடுப்பவர் பகலில் வருகிறார். ஆய்வுக்கு வரும் அதிகாரியும் பகலில் வருகிறார். பெற்றவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பகலைத்தான் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் கேட்டைப் பூட்டியதிலிருந்து மறுநாள் காலை பால்காரர் வரும்வரை உள்ளே என்ன நடக்கிறது என்பதை வெளியாள் எவரும் பார்ப்பதில்லை. ஓர் இல்லம் பாதுகாப்பானதா இல்லையா என்பதை அந்த நேரம்தான் சொல்லும். கொஞ்ச காலமாகத் தம்பிக்கு இடம் தேடி அலைந்ததில் எனக்கு ஐயமில்லாமல் தெரிந்த விஷயம் இது ஒன்றுதான்.

தம்பிக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம், கூடவே அறிவுசார் குறைபாடு. சின்ன வயதிலிருந்தே வலிப்பும் உண்டு. வீட்டில் 'ஃபிட்ஸ்' என்றுதான் சொல்வோம். அவன் பேசும் வார்த்தைகள் கொஞ்சம்தான். அக்கா, டீ, பஸ், வேணாம். இந்த 'வேணாம்' அவனுக்கு ரொம்ப முக்கியமான வார்த்தை, பின்னால் சொல்கிறேன். அவனுக்குக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் அம்மாதான். இப்போது அம்மாவுக்கு மூட்டு தேய்ந்து அவனைத் தூக்க முடியவில்லை. அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூடுகிற இடங்களில், ஸ்பெஷல் ஸ்கூல் வாசலிலும் நரம்பியல் ஓபி வரிசையிலும், ஒரு பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். "நாங்க கண்ண மூடுறதுக்கு முன்னாடி இவன் போயிடணும்." வெளியாருக்கு அது கொடூரமாகப் படும். பிள்ளை மேல் உயிரை வைத்திருக்கிறவர்கள்தான் அதைச் சொல்கிறார்கள். தனக்குப் பிறகு பிள்ளையை நம்பி விட்டுப்போக இந்த ஊரில் ஓர் இடம் இல்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு சொல்கிறார்கள். இல்லங்களின் தரம் பற்றி அரசு எழுதும் விதி ஒவ்வொன்றும் அந்தப் பேச்சை அம்மாக்களின் வாயிலிருந்து எடுக்க வேண்டும். இன்னும் எடுக்கவில்லை.

ஏர்வாடியை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 2001 ஆகஸ்ட் 6, விடிகாலை ஐந்து மணி வாக்கு. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவைச் சுற்றி, மனநலம் பாதித்தவர்களை வைத்துப் பார்க்கும் தனியார் காப்பகங்கள் பல இருந்தன. குணமாகும் என்று நம்பிக் கூட்டிவந்த குடும்பங்கள், கூடவே தங்க முடியாமல், பணம் கொடுத்து அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். அவற்றில் ஒன்றான மொய்தீன் பாதுஷா காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே 40-க்கும் மேற்பட்டவர்கள். பெரும்பாலானவர்களைச் சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தார்கள். 25 பேர் அங்கேயே கருகினார்கள். சாவு எண்ணிக்கை பிறகு 28 ஆனது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. ஒரு வாரத்துக்குள் அங்கிருந்த மற்ற காப்பகங்களும் மூடப்பட்டு, 500-க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். 2007-இல் காப்பகத்தின் உரிமையாளர், அவர் மனைவி, உறவினர்கள் இருவர் ஆகியோருக்கு ஏழு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

ஏர்வாடி என்றதும் எல்லாருக்கும் சங்கிலி ஞாபகம் வரும். அந்தச் சங்கிலி எதற்காகப் போடப்பட்டது என்று யோசிக்க வேண்டும். ராத்திரி ஒருவர் எழுந்து நடந்தால் கூடவே நடக்க ஓர் ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் மாதாமாதம் கொடுக்க வேண்டும். சங்கிலியை ஒரு தடவை வாங்கினால் போதும். சங்கிலிக்குப் பின்னால் மூடநம்பிக்கை, இரக்கமின்மை எல்லாம் இருந்திருக்கலாம். இந்தக் கணக்கும் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். சங்கிலி ஒழிந்த பிறகும் கணக்கு ஒழியவில்லை. நான் போய்ப் பார்த்த இடங்களில் கட்டிலோடு சேர்த்துக் கட்டிய பழைய வேட்டியைப் பார்த்தேன். வெளிப்பக்கம் திண்டுக்கல் பூட்டுத் தொங்கும் கிரில் கேட்டைப் பார்த்தேன். சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்துக்குள் வரிசையாகக் கொடுக்கும் மாத்திரையையும் பார்த்தேன். "எட்டு மணிக்கெல்லாம் எல்லாரும் தூங்கிருவாங்க மேடம், ஒரு பிரச்சினையும் இல்ல" என்று ஒரு வார்டன் பெருமையாகச் சொன்னார். நாற்பது வயசு ஆள் தினமும் எட்டு மணிக்குத் தானாகத் தூங்கிவிடுவாரா?

சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. தனி அறையில் அடைத்து வைப்பதைத் தடை செய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் ஒருவரைக் கட்டுப்படுத்தலாம். அதற்கும் பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், 24 மணி நேரத்துக்குள் அந்த நோயாளி நியமித்த பிரதிநிதிக்குத் தெரிவிக்க வேண்டும். ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி ஒருவரைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று 97-வது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. இதை எழுதியவருக்கு இல்லங்களின் ராத்திரி தெரிந்திருக்கிறது. கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது, விரும்பினால் சொந்த உடுப்பு உடுத்தும் உரிமை உண்டு என்றும் அதே சட்டம் சொல்கிறது. இதையாவது மதியம் போகிறவர்களே கவனிக்கலாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி மொட்டை, ஒரே குவியலிலிருந்து எடுத்து மாட்டிய நைட்டி என்றால், அங்கே ஆளுக்கு ஆள் வித்தியாசம் பார்க்க நேரமோ மனமோ இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் என் தம்பி போன்றவர்களுக்கு ஒரு சிக்கல். இந்தச் சட்டம் மனநோய்க்குத் தரும் விளக்கத்தில் அறிவுசார் குறைபாடு சேராது. அவர்கள் தங்கும் இல்லங்கள் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் கீழ் பதிவு பெற வேண்டும். பதிவு இல்லாமல் நடத்தக் கூடாது. குறைகள் இருந்தால் பதிவை ரத்து செய்யலாம். வசதிகளும் தரமும் எப்படி இருக்க வேண்டும் என்பதை மாநில அரசு வகுக்க வேண்டும். வன்கொடுமைக்கு 92-வது பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. எல்லாம் இருந்தும், ஒருவரைக் கட்டிப்போட்டால் யார் அனுமதிக்க வேண்டும், எந்தப் பதிவேட்டில் எழுத வேண்டும், குடும்பத்துக்கு எத்தனை மணி நேரத்தில் சொல்ல வேண்டும் என்று 97-வது பிரிவு மாதிரி நுணுக்கமாகச் சொல்லும் பிரிவு இந்தச் சட்டத்தில் இல்லை. மனநோய் உள்ளவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, தனக்கு என்ன நடந்தது என்றே சொல்லத் தெரியாதவருக்குக் கிடைக்கவில்லை. இதைத் திருத்துவதற்கு நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. மாநில விதிகளிலேயே சேர்க்கலாம்.

ராத்திரியைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஓர் இல்லத்தின் ஆயா. ஐம்பது வயதிருக்கும். வார்டன் போன் பேசப் போன சமயத்தில் கேட்டேன்.

"நைட்டு யாருக்கா இருப்பாங்க?"

"நாந்தாம்மா. வெளிய வாட்ச்மேன் அண்ணன் இருப்பாரு."

"இந்த ஹாலுக்கு நீங்க ஒருத்திதானா?"

"இந்த ஹாலுக்கும் மாடிக்கும். மேல நாலு பொம்பளப் புள்ளைங்க இருக்கு."

"எப்பக்கா தூங்குவீங்க?"

"நடுவுல கண்ணசருவேன். நாலரைக்கு எந்திரிச்சு இட்லி ஊத்தணும்ல."

அவர் நல்லவர். தம்பியின் வாயோரம் வழிந்ததை, நான் கையை நீட்டுவதற்குள், தன் முந்தானையால் துடைத்தார். அந்த நல்ல மனசை வைத்துக்கொண்டு கீழேயும் மாடியிலும் ஒரே நேரத்தில் இருக்க முடியுமா? மாடியில் ஒருத்தி அலறினால் அவர் மேலே போவார். அந்த நேரத்தில் கீழே ஒருவனுக்கு ஃபிட்ஸ் வந்தால் யாருக்கும் தெரியாது. இல்லங்களைப் பற்றிப் பேசும்போது 'சேவை மனப்பான்மை' என்று நாம் சொல்லிக்கொண்டே இருப்பது எனக்கு இப்போது கோபமாக வருகிறது. பகலெல்லாம் உழைத்த ஒருத்தியை ராத்திரியும் எழுப்பி வைத்துவிட்டு, அதற்குச் சேவை என்று பெயர் வைக்கிறோம்.

ஃபிட்ஸ் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வலிப்பு உள்ள பெரியவர்களில் ஆண்டுக்குச் சுமார் 1,000 பேரில் ஒருவர், வேறு காரணம் எதுவும் கண்டுபிடிக்க முடியாமல் திடீரென்று இறந்துபோகிறார். பெரும்பாலும் தூக்கத்தில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது, பல சமயம் குப்புறக் கிடந்த நிலையில். ராத்திரி பக்கத்தில் ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தால் அந்த ஆபத்து குறைகிறது என்று அமெரிக்க நரம்பியல் அகாதமி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீடித்தால் அவசரநிலை. அதற்கு மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே நம் ஊர் மருந்துக் கடையிலேயே டாக்டர் சீட்டுக்குக் கிடைக்கிறது. ஓர் இல்லத்தில் அந்த ஸ்பிரே இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது, ஆபீஸ் அலமாரியில். சாவி வார்டனிடம். வார்டன் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார். மருந்து வாங்கி வைத்ததற்கு ரசீது இருக்கிறது, ஆய்வில் அது ஒரு டிக் வாங்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அது யாருக்கும் உதவாது.

பணக்கார நாடுகளில் இதெல்லாம் சரியாக இருக்கும் என்று நம்புகிறவர்களுக்கு இங்கிலாந்தைச் சொல்வேன். 2013 ஜூலை 4 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு சிகிச்சை இல்லத்தில் கானர் ஸ்பாரோஹாக் என்ற 18 வயதுப் பையன் குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தான். ஆட்டிசமும் வலிப்பும் உள்ளவன். அவனுக்கு வலிப்பு வரும் என்று அம்மா அங்கே திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். இயற்கை மரணம் என்றுதான் நிர்வாகம் முதலில் சொன்னது. அம்மா விடவில்லை. அலட்சியமும் அந்தச் சாவுக்குக் காரணம் என்று 2015-இல் மரண விசாரணை ஜூரி முடிவு சொன்னது. 2018-இல் அவன் சாவுக்கும் இன்னொரு பெண்ணின் சாவுக்கும் சேர்த்து அந்த இல்லத்தை நடத்திய மருத்துவ அறக்கட்டளைக்கு 20 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார்கள். பெரிய தொழில்நுட்பம் எதுவும் அங்கே தேவைப்படவில்லை. வலிப்பு வரும் பையன் குளிக்கும்போது கதவுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றிருந்தால் போதும்.

அதே நாட்டில், பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் வின்டர்போர்ன் வியூ என்று 24 படுக்கை கொண்ட ஒரு தனியார் மருத்துவ இல்லம். ஒரு நோயாளிக்கு வாரத்துக்குச் சராசரி 3,500 பவுண்டு வாங்கினார்கள். அங்கே வேலை பார்த்த ஒரு மூத்த செவிலியர், நோயாளிகளைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தகவல், இல்லங்களைக் கண்காணிக்கும் ஆணையம் வரை போயும் நடவடிக்கை இல்லை. 2011 மே மாதம் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி ரகசியக் கேமராவில் எடுத்துக் காட்டிய பிறகுதான் அது மூடப்பட்டது. 11 பேர் தண்டனை பெற்றார்கள், அவர்களில் 6 பேர் சிறைக்குப் போனார்கள். நம்மூரில் 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிய உரிமம் இல்லாமல் நடந்த இல்லத்திலிருந்து 140-க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்களே, அதுவும் ஆய்வில் வெளிப்படவில்லை. அங்கே விட்ட ஒரு பெரியவரைக் காணோம் என்று உயர் நீதிமன்றத்தில் ஆள்கொணர்வு மனு போட்ட பிறகுதான் கதவு திறந்தது. இரண்டு இடத்திலும் நோட்டம் பார்க்க நியமிக்கப்பட்டவர்கள் கண்டுபிடிக்கவில்லை. உள்ளே இருந்த ஒருவர், அல்லது உள்ளே இருப்பவரைத் தேடி வந்த ஒருவர் சத்தம் போட்டதால்தான் உண்மை தெரிந்தது. தேடி வர யாரும் இல்லாதவர்களை நினைத்தால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-இலேயே ஏற்றுக்கொண்டது. அதன் 16-வது பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கான எல்லா இடங்களையும் சுதந்திரமான அமைப்புகள் திறம்படக் கண்காணிக்க வேண்டும் என்கிறது. சுதந்திரமான என்ற சொல்லை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். மானியம் கொடுக்கும் துறையே ஆய்வும் செய்தால், மூடிவிட்டால் இத்தனை பேரை எங்கே கொண்டுபோவது என்ற கவலையில்தான் அந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் நிலைமை அது. ஆனால் பெற்றவர்களும், ஓரளவு பேச முடிந்த மாற்றுத்திறனாளிகளும் சேர்ந்த ஒரு குழு, சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரி பதினோரு மணிக்குப் போய்க் கேட்டைத் தட்டும் உரிமையோடு இருந்தால் எத்தனையோ மாறும்.

அந்தக் குழு என்ன பார்க்க வேண்டும் என்பதையும் நினைத்து வைத்திருக்கிறேன். தட்டியதும் கேட்டைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஏர்வாடிக்குப் பிறகும் இதைக் கேட்க வேண்டியிருப்பது வேதனை. தீயணைப்பு சிலிண்டர் எல்லா இடத்திலும் தொங்குகிறது. நடக்க முடியாத இவரை யார் தூக்குவது, எந்த வழியாக, எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பது என்று ஆளுக்கொரு தாள் எழுதி வைத்த இடத்தை நான் ஒன்றே ஒன்றுதான் பார்த்தேன். அங்கே நடக்க முடியாதவர்கள் எல்லாரும் தரைத்தளத்தில் இருந்தார்கள், கதவு உள்ளிருந்து சாவியில்லாமல் திறந்தது. ராத்திரி மாத்திரைச் சீட்டையும் பார்க்க வேண்டும், எந்த மருந்து எந்த நோய்க்கு, எப்போது டாக்டர் கடைசியாக மறுபரிசீலனை செய்தார் என்று. மனநோய் எதுவும் கண்டறியப்படாமலே மனநல மருந்து தின்னும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் இங்கிலாந்தில் மட்டும் 30,000 முதல் 35,000 பேர் வரை இருக்கலாம் என்று அந்த நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையே 2015-இல் மதிப்பிட்டது. இங்கே கணக்கெடுத்தால் என்ன வரும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. சாப்பாட்டில் புரை ஏறுவது, நாள்கணக்கில் மலச்சிக்கல் இருப்பது போன்ற சின்ன விஷயங்களும் உயிரை எடுக்கும். தினசரி நோட்டு ஒன்று ஒழுங்காக எழுதினாலே அவற்றில் பாதியைத் தடுக்கலாம்.

கடைசியாகத் தங்கியிருப்பவர்களிடமே கேட்க வேண்டும். பேச்சு வராதவர்களிடம் என்ன கேட்பது என்று நினைக்கிறவர்கள் தம்பியோடு ஒரு நாள் இருந்து பார்க்கட்டும். ஓர் இல்லத்தில் பழகிப் பார்ப்பதற்காக விட்டிருந்தபோது, ஒரு குறிப்பிட்ட ஆள் அறைக்குள் வந்தாலே "வேணாம்" என்றான். உடம்பு விறைத்துக்கொண்டது. "புது ஆள் இல்லீங்களா, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் அவனுடைய துணிகளை எடுத்துப் பையில் வைத்தார். என்ன நடந்தது என்று எங்களுக்கு இன்று வரை தெரியாது. அவன் சொன்னான், நாங்கள் கேட்டோம். அப்படிக் கேட்டு உடனே கூட்டிக்கொண்டு வர ஆள் இல்லாதவருடைய 'வேணாம்' ஏதாவது பதிவேட்டில் ஏறுமா?

பெரிய இல்லங்கள் இதற்குத் தீர்வே இல்லை என்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சென்னையில் 1993-இல் தொடங்கிய 'தி பேன்யன்' அமைப்பு, 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' என்ற பெயரில், பல வருடம் விடுதிகளில் கிடந்த மனநலம் பாதித்தவர்களை நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் குடிவைக்கிறது. உதவிக்கு ஆள் உண்டு. பக்கத்து வீட்டில் இன்னொரு குடும்பம் இருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதை ஒரு நல்ல முன்மாதிரியாகக் காட்டியது. தெருவில் ஒரு வீடாக இருந்துவிட்டால் ராத்திரி அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். ஊருக்கு வெளியே ஐந்து ஏக்கரில் மதில் கட்டிய இடத்தில் அலறினால் நாய்தான் குரைக்கும். தம்பி மாதிரி உடம்பாலும் முடியாதவர்களுக்கு அப்படி ஒரு வீடு எங்கள் பக்கத்தில் இன்னும் வரவில்லை. வரும்வரை இருக்கிற இல்லங்களின் ராத்திரியைச் சரிசெய்யாமல் இருக்க முடியாது.

நாங்கள் இப்போது ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறோம். அந்தத் தாள் எழுதி வைத்திருந்த இடம். அங்கேயும் ராத்திரிக்கு ஓர் ஆயாதான். அதற்காகப் பிள்ளைகளை அங்கே விட்டிருக்கும் குடும்பங்களோடு பேசினேன். இரண்டாவதாக ஓர் ஆளை, ராத்திரி வேலைக்கு மட்டும், பகலில் தூங்கவிடும் ஏற்பாட்டோடு போடுவதற்கு முடிந்தவர்கள் கூடுதலாகத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். முடியாதவர்களிடம் வாங்குவதில்லை. ஆனால் இது குடும்பங்கள் சுமக்க வேண்டிய செலவு கிடையாது. மானியம் கணக்கிடும்போதே ராத்திரிப் பணியாளர் சம்பளத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும், ஆய்வுப் படிவத்தில் ராத்திரி எத்தனை பேர், சாவி எங்கே, அவசர மருந்து எங்கே என்று கேட்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுத்திருக்கிறோம். மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்கான தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவுக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. தம்பி மாதத்தில் சில ராத்திரிகள் அங்கே தங்குகிறான், மிச்ச நாள் அம்மாவோடு. இரண்டாவது ஆள் வேலைக்கு வரும்வரை அந்த ராத்திரிகளைக் கூட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.